முயலாக ஓடிய ஞாயிறு

ரப்பர் விலை ஏறிக் கிடந்த 1925ஆம் வருஷம், என் தங்கை பாக்கியத்தை அவள் புருஷனிடம் கொண்டுபோய் விடுவதற்காகப் பேராக் போனேன். கல்யாணமான பத்தாம் நாளே மாப்பிள்ளை சோமசுந்தரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் சின்னக் கிராணி. ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைத் தனியாகக் கப்பலேற்ற வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கோடை விடுமுறை. ஆகவே நான்.

கப்பலில் பாக்கியம் தண்ணீரைத் தவிர எதையும் வயிற்றில் வைக்கவில்லை. ஈப்போ ரயிலடிக்கு வெளியே ஒரு நாகூர்க்காரர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். காதர் பாய் என்று பெயர். அவளைப் பார்த்ததுமே, "தங்கச்சி ஒக்காருமா, ஆப்பம் சூடா இருக்கு" என்றார். அவள் ஏழு ஆப்பம் தின்றாள். நான் டின் பால் ஊற்றிய கோப்பி இரண்டு குவளை குடித்தேன். துணிப்பையில் வடித்த அந்தக் கோப்பியின் கறுப்புக்கு முன்னால் எங்கள் ஊர்க் கிளப்புக்கடைக் காப்பி வெறும் வெந்நீர். தொட்டுக்கொள்ள வைத்த சம்பலில் பெலாச்சான் என்று புளித்த இறால் விழுது ஒன்று சேர்த்திருந்தார்கள். பாக்கியம் முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கருவாட்டுக் கொட்டகை வாசனைண்ணே" என்று சந்தோஷமாக அதையும் வழித்து நக்கினாள்.

ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் தரையிலிருந்து நட்டுக்குத்தலாக எழுந்து நின்றன. எங்கள் ஊரில் உயரமான பொருள் கலங்கரை விளக்கம் ஒன்றுதான். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

சுங்கை சிப்புட்டுக்கு ஏழு பேர் உட்காரும் மோட்டார் பஸ்ஸில் பதினோரு பேர் போனோம்; இரண்டு கோழிகளும் ஒரு கூடை அன்னாசியும் தனி. பாதி வழியில் பின்சக்கரம் வெடித்தது. சீன டிரைவர் இறங்கிப் பார்த்தான், யாரையோ திட்டினான், பிறகு பாதையோரம் இடுப்பளவு வளர்ந்து கிடந்த லாலாங் புல்லைக் கத்தை கத்தையாக அறுத்து டயருக்குள் திணிக்க ஆரம்பித்தான். நாங்களும் இறங்கி அறுத்துக் கொடுத்தோம். புல்லின் ஓரம் சவரக்கத்தி மாதிரி கையைக் கிழித்தது. எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மலாய்க்காரர் ஒருவர் மலையைக் காட்டி ஏதோ சொன்னார். அங்கே மேகம் கட்டியிருந்தது. இங்கே வெயில் அடித்தாலும் அங்கே பெய்தால் ஆறு வரும் என்கிறார் என்று ஒரு தமிழர் எனக்குச் சொன்னார். புல் திணித்த சக்கரத்தோடு வண்டி நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தது.

தோட்டத்தில் மாப்பிள்ளை எங்களுக்காக வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார். பலகை வீடு, தகரக் கூரை. பாக்கியம் அடுப்படியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், பிறகுதான் புருஷனைப் பார்த்தாள். நான் வெளியே போய் மரங்களைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரங்கள் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றன. அங்கே அதை நெரை என்கிறார்கள். ஒரு டிரில் மாஸ்டருக்கு அதைவிட மனத்துக்கு இதமான காட்சி இருக்க முடியாது.

நான் நாகையில் தினமும் விடியற்காலையில் கடற்கரையில் மூன்று மைல் ஓடுகிறவன். இருபது வருஷப் பழக்கம். மூன்றாம் நாள் காலையில் கால் சும்மா இருக்கவில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நெரைகளுக்கு நடுவே ஓடினேன். பால்வெட்டுக்காரர்கள் பெரட்டு முடிந்து, அதாவது ஆள் எண்ணி முடிந்து, கத்தியும் வாளியுமாக எதிரே வந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன், "புலிடா!" என்று கத்தினான். அவ்வளவுதான். வாளிகள் உருண்டன. நாற்பது பேர் எனக்கு முன்னால் ஓடினார்கள். நான் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓட, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஒருத்தி மட்டும் ஓடவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு தொரத்துறா?"

"யாரும் துரத்தலை. சும்மா ஓடறேன்."

"சும்மாவா? தீம்பாருல சும்மா ஓடுற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பால் வெட்டப் போனாள். ரப்பர்க் காட்டை அவர்கள் தீம்பார் என்கிறார்கள். அவள்தான் அஞ்சலை. அந்தத் தோட்டத்தில் முதல் ஆளாகப் பால் கொண்டுவந்து சேர்க்கிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டனுப்பினார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், வேலை போயிருச்சுன்னு வையுங்க. வெளியாளு தோட்டத்துல ஓடிக் கலாட்டா பண்ணினதுன்னு எழுதிருவாரு" என்றார். பெரிய கிராணி வேலைக்கு அவர் பெயரைத் துரை யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது.

துரை சிவந்த மீசைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "பயத்தில் ஓடினாயா, பழக்கத்தில் ஓடினாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார். பழக்கம் என்றேன். பிறகு அவர் சொன்ன விஷயம் இது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் துரைமார் மாதம் ஒரு ஞாயிறு கூடி ஓடுவார்கள். ஒருவன் முயல். அவன் கிழித்த காகிதத்தை வழியெல்லாம் சிந்திக்கொண்டு முன்னால் ஓடுவான். கால்மணி நேரம் கழித்து மற்றவர்கள் நாய்களாகக் காகிதத்தைப் பார்த்துத் துரத்துவார்கள். இந்த மாதம் அவர் தோட்டத்தின் முறை. முயலாக ஓடவேண்டிய சின்ன துரைக்குக் கால் பிசகிவிட்டது. "புல்வெளி, ஆறு, காடு மூன்றும் வரவேண்டும். பிடிபடக்கூடாது. முயல் திரும்பி ஓடக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்" என்றார்.

வீட்டில் பாக்கியம் கொதித்தாள். "எங்கண்ணன நாய் தொரத்தணுமா? அதுக்கா கப்பலேறி வந்திச்சு?"

"துரைமாருதாம்மா நாயி" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப சரி" என்றாள்.

எனக்கு அவமானமாகவே படவில்லை என்பதுதான் உண்மை. அந்த மண்ணில் ஓட ஒரு சாக்குக் கிடைத்ததே என்றிருந்தது. பாக்கியம் ஒரு வாரம் பழைய இங்கிலீஷ் பேப்பர்களைக் கிழித்தாள். சரஸ்வதி காலில் மிதிபடுவாளே என்ற பயத்தில் ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிழித்தாள்.

வழி காட்ட மாப்பிள்ளை அஞ்சலையைக் கூட்டிவந்தார். கீரைக்காகவும் விறகுக்காகவும் அவள் மிதிக்காத இடமில்லை என்றார். மூன்று நாள் பிற்பகலில் நாங்கள் மூவரும் நடந்தோம். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ரப்பர் முடிந்ததும் லாலாங் வெளி தொடங்கியது. பழைய ஈயச் சுரங்கக் குத்தகை நிலம். மண்ணைக் கழுவி எடுத்துவிட்டுப் போன இடத்தில் புல் மட்டும் வந்திருந்தது. காற்று அடித்தால் முழு வெளியும் வெள்ளியாகத் திரும்பிப் படுக்கும். கடலை விட்டு வந்த ஏக்கம் எனக்கு அங்கே தீர்ந்தது. அதைத் தாண்டி இறங்கினால் மூங்கில் புதர், பிறகு ஆறு.

அந்தத் தோட்டத்தில் லயங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம். பாலைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டிய ஸ்டோர் அந்தப் பக்கம். நடுவில் ஒரு காட்டு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. மேல்பக்கத்தைச் செதுக்கித் தட்டையாக்கியிருந்தார்கள். ஒத்தமரம் என்று அதற்குப் பெயர். தினமும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தோள்கம்பில் இரண்டு வாளி பாலைத் தொங்கவிட்டுக்கொண்டு அதன்மேல் போகிறார்கள். நான் வெறுங்கையோடு போனபோதே இரண்டு கையையும் விரித்துக்கொண்டுதான் போனேன்.

"விழுந்தவங்க உண்டா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒருத்தி. மாசமா இருந்தா" என்றாள் அஞ்சலை.

மேட்டில், கால் மைல் மேலே, கம்பியில் தொங்கும் நல்ல பலகைப் பாலம் ஒன்று தெரிந்தது. அதில் போனால் என்ன என்றேன். மாப்பிள்ளை அவசரமாகத் தலையாட்டினார். "பங்களாத் தோட்டத்துக்குள்ளாறப் போகணும் மச்சான். அது துரை பாலம். பால் சிந்தி நாறும்னு ஆளுங்களுக்கு அனுமதி கிடையாது."

அக்கரையில் சதுப்புக்காடு. ஸ்டோர் வரைக்கும் ஒரு மைல். அட்டைகள் விரல் விரலாகக் காலில் ஏறின. அஞ்சலை புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து என் முழங்கால்வரை பூசச் சொன்னாள். அட்டைகள் விழுந்தன. அன்று முழுக்க எனக்கே என்னை முகரச் சகிக்கவில்லை.

ஞாயிறு நாலு மணிக்குப் பெரட்டுக்களத்தில் பதினான்கு வெள்ளைக்காரர்கள் அரைக் கால்சட்டையோடு கூடினார்கள். சிலருக்குத் தொந்தி. ஒருவர் ஊதுகொம்பு வைத்திருந்தார். தோளில் காகிதப் பையோடு நான் கிளம்பியபோது லயமே திரண்டு நின்றது. "வாத்தியாரே, மாட்டிக்காதீங்க!" என்று ஒரு குரல். மாப்பிள்ளை டீயும் வெந்நீரும் தயார்செய்ய முன்னதாகவே மாட்டுவண்டியில் இரண்டு மைல் கீழேயுள்ள ரோட்டுப் பாலத்தைச் சுற்றி ஸ்டோருக்குப் போயிருந்தார். பாக்கியமும் கூடப் போனாள்.

நெரைகளில் ஓடினேன். சருகு காலடியில் மெத்தையாக இருந்தது. லாலாங் வெளியில் புல் இரண்டு பக்கமும் விலகிச் சீறியது. எங்கோ பின்னால் கொம்புச் சத்தம் கேட்டது. இருபது வருஷத்தில் நான் அப்படி ஓடியதில்லை. மூச்சு தானாக வந்தது, கால் தானாகப் போனது. நாகையில் ஒரு மைல் ஓடினால் பார்க்கிற அதே கடலைத்தான் இரண்டாவது மைலிலும் பார்க்கவேண்டும். இங்கே நூறு கஜத்துக்கு ஒருமுறை தரையின் குணமே மாறியது.

மூங்கில் புதரைத் தாண்டி ஆற்றுக்கு வந்தபோது அஞ்சலை கரையில் பாக்குக் கீரை என்கிற பெரணிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். "வாத்தியாரே, தண்ணி கலங்குது!" என்று கத்தினாள். பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. மலையில் மேகம் கறுத்திருந்தது. ஆனால் கொம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தை வீசியபடி ஒத்தமரத்தில் கடந்து சதுப்புக்காட்டுக்குள் போய்விட்டேன்.

அரை மைல்கூடப் போயிருக்கமாட்டேன். முதுகுக்குப் பின்னால் ரயில் வருவதுபோல ஒரு சத்தம். இந்தக் காட்டில் ஏது ரயில் என்று நினைத்தவுடனே அது என்னவென்று புரிந்தது. காகிதம் அவர்களை நேராக மரத்துக்கல்லவா கூட்டிக்கொண்டு போகும்? கலங்கிய தண்ணீரை நான் பார்த்தேன், அவள் சொன்னதையும் கேட்டேன். ஆனாலும் ஓடினேன். முயல் திரும்பக்கூடாது என்ற சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

ஆற்றங்கரையில் ஒத்தமரம் இல்லை. அது கிடந்த இடத்தில் செம்மண் குழம்பு சுழித்து ஓடியது. எதிர்க்கரையில் ஆளில்லை, காகிதமில்லை, அஞ்சலையும் இல்லை. அவள் கீரைக்கூடை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. "அஞ்சலை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கரையோடு கீழே ஓடினேன். வேர்களில் சிக்கிக் கிடந்த ஒரு வெள்ளைப் பொருளைப் பார்த்து, அவள்தான் என்று தண்ணீரில் இறங்கினேன். மேலே ஏதோ சீனர் காய்கறித் தோட்டத்திலிருந்து அடித்து வந்த முள்ளங்கி மூட்டை.

எவ்வளவு நேரம் தேடினேனோ, கடைசியில் வேறு வழியில்லாமல் ஸ்டோருக்குப் போனேன். மாப்பிள்ளை வெள்ளைத் துணி விரித்த மேஜையில் டீக்கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "மச்சான், மாட்டலயே! துரைங்க எங்க?"

பாக்கியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். பதினான்கு பேரையும் ஒரு பெண்ணையும் கொன்றுவிட்டேன் என்பதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்தபடி நின்றேன்.

அப்போது கொம்பு ஊதியது. காட்டுப் பக்கமிருந்து அல்ல. மேட்டிலிருந்து, பங்களாப் பாதையில். சேறும் வியர்வையுமாகப் பதினான்கு பேரும் கத்திக்கொண்டே இறங்கி வந்தார்கள். நான் ஒருவர் விடாமல் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அஞ்சலை ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு நடந்து வந்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொந்திக்காரத் துரை என் முதுகில் ஓங்கித் தட்டினார். "அற்புதமான வழி! ஆற்றுக்குப் போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மேட்டில் ஏற்றினாயே!"

எங்கள் துரை சிரிக்கவில்லை. அவர் ஒரு கையில் காய்ந்த ஒட்டுப்பால் துண்டு, மரத்துச் சிரட்டைகளில் ஒட்டியிருப்பதே அது. மறு கையில் நசுங்கிய வெள்ளைப் பூவிதழ்கள். "காகிதம் பாதியில் முடிந்தது. பிறகு இது. என் தோட்டத்துக்குள் இது. யார் வேலை?" என்று என்னைக் கேட்டார்.

நான் எழுந்து, நான் போட்ட வழி ஆற்றுக்குத்தான் போனது என்றேன். மரம் போய்விட்டதையும் சொன்னேன். துரை அஞ்சலையைப் பார்த்துத் திரும்பித் தன் தோட்டத் தமிழில் கேட்டார்.

"நீ தாள் எடுத்தே?"

"எடுத்தேங்க. ஆத்துக்கிட்ட கெடந்தத எல்லாம் பொறுக்கி மேட்டுப் பக்கம் போட்டேன். பத்தல. ஒட்டுப்பால உரிச்சுப் போட்டேன். பங்களாகிட்ட மரமில்ல. பூவப் புடுங்கிப் போட்டேன்."

"பங்களா உள்ளே வந்தே. பாலம் போனே. யார் உத்தரவு?"

"தண்ணி குடுத்த உத்தரவுங்க."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பெரிய கிராணி வேலை அந்த நிமிஷம் ஆற்றோடு போய்க்கொண்டிருந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். ஆனால் அஞ்சலை முடிக்கவில்லை.

"ஒத்தமரம் போயிருச்சுங்க துரை. நாளைக்கிப் பாலெடுத்துக்கிட்டு எந்த வழியா வரட்டும்?"

துரை கையிலிருந்த இதழ்களைப் பார்த்தார். யாரும் டீயைத் தொடவில்லை. தொந்திக்காரர் இங்கிலீஷில், "நாம் போன வழியில்தான் வரட்டுமே, வேறென்ன?" என்றார். மீசையைத் தடவிக்கொண்டு நின்ற துரை கடைசியில், "பாலம் வழி வா" என்றார்.

"நான் மட்டுமா, எல்லாருமா?"

"எல்லாம். தினம்." பிறகு விரலை நீட்டினார். "பூ தொடாதே."

"சரிங்க" என்றாள் அஞ்சலை. பாக்கியம் ஒரு கோப்பை டீயை எடுத்து, துரைமாருக்கு முன்பாக, முதலில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் திரும்பும் வண்டியில் நான் அவளிடம், "நீ சொன்னப்பவே நான் நின்னிருக்கணும்" என்றேன்.

"நின்னு என்னா பண்ணியிருப்பீங்க? நீங்க சொன்னா அதுங்க கேக்குமா? தாள் சொன்னாத்தான் கேக்கும்" என்றாள். லயத்தில் இறங்கும்போது, "ஆனா நின்னிருக்கலாம்" என்றாள். அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் நான் ஓடப் போகவில்லை. பத்து மணிக்குப் பாலத்தண்டை போய் நின்றேன். பால் நிறைந்த வாளிகளோடு வரிசை வந்தது. பங்களா ஜாகா, அதாவது காவல்காரன், ஒதுங்கி நின்று கதவைத் திறந்துவிட்டான். முதலில் எல்லாரும் கூசிக் கூசி நடந்தார்கள். பிறகு தைரியம் வந்தது. சுமை தூக்குகிறவர்களுக்கே உரிய ஒரு தாளத்தில் கால்கள் தானாக ஒன்று சேர்ந்துகொண்டன. பாலம் ஆட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. கீழே ஆறு இன்னும் சிவந்தே ஓடியது. வாளிகளில் பால் தளும்பியது. ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

பட்டாளத்தார்கூடத் தொங்கு பாலத்தில் கால் சேர்த்து நடக்கமாட்டார்கள் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் முந்நூறு பேருக்குக் கேட்கிற அதே குரலில் கத்தினேன்: "கால் சேக்காதீங்க! அவங்கவங்க நடையில நடங்க! முன்னால போறவங்களப் பாக்காதீங்க!"

ஒருவருக்கொருவர் நடை மாறியது. ஒருத்தி குட்டையாக அடி வைத்தாள், ஒருவன் எட்டி வைத்தான், ஒரு கிழவர் இரண்டடிக்கு ஒருமுறை நின்றார். என் தொழிலில் அதைவிடக் கேவலமான அணிவகுப்பு கிடையாது. பாலம் மெல்ல மெல்ல ஆட்டத்தை விட்டது. வரிசைக்கு முன்னால் போன அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாளியும் தளும்பாமல், தன் நடையில், அக்கரைக்கு முதலில் போய்ச் சேர்ந்தாள்.